கைத்தாங்கல் வேண்டாத ஊர்

(முதியோர் நலக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



முதியோரைப் போற்றுக என்று எனக்கு முன் மூவர் பேசிவிட்டனர். போற்றுதல் நன்றே. யான் கேட்க விரும்புவது வேறு. எழுபது அகவை கடந்த ஒருவர் யாருடைய கையையும் பற்றாமல், யாரையும் கெஞ்சாமல், தம் வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவு செல்ல இயலும்? அஞ்சலகம் வரையா? தெருமுனை வரையா? வாயிற்படியோடு சரியா? அத்தொலைவே அவருக்கு ஊர். அதற்கப்பால் உள்ளது, அவர் பிறந்து வளர்ந்த இடமேயாயினும், அயலூர்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபது நிறைந்தோர் ஏறத்தாழ 75 இலக்கம் பேர், 10.4 விழுக்காடு. இந்தியா முழுமைக்கும் அஃது 8.6 விழுக்காடே. பிள்ளைகளின் தொகையோ குறைந்தது; இருக்கும் ஒன்றிரண்டு பேரும் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் போயினர். வீட்டில் தாங்க ஆளில்லை. ஆகலின் தெருதான் தாங்க வேண்டும்.

தெருவைப் பாருங்கள். வீட்டுக்கும் தெருவுக்கும் இடையே முன்பு திண்ணை இருந்தது. கிழவர் அதில் அமர்ந்திருந்தால் ஊரே அவரைக் கடந்து போகும்; நாலு சொல் பேசும். அத்திண்ணை எல்லார்க்கும் ஒன்றுபோல் திறந்திருந்ததென்று பொய்சொல்ல மாட்டேன். சாதி அங்கும் காவல் நின்றது. அக்காவலை நீக்கித் திண்ணையை எல்லார்க்கும் பொதுவாக்கியிருக்க வேண்டும். நாமோ திண்ணையை இடித்துச் சுற்றுச்சுவர் எழுப்பினோம்.

அடுத்துச் சாலை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத்தார் இடுவதால் ஆண்டுக்காண்டு சாலை உயர்கிறது. மழைநீர் வீட்டுக்குள் புகுகிறது. அதற்கஞ்சிப் புதுவீடு கட்டுவோர் தளத்தை உயர்த்துகின்றனர். வாயிலில் நான்கு படி, ஐந்து படி. பற்றிக்கொள்ள ஒரு கம்பியில்லை. ஈருருளி வண்டி ஏறுவதற்குத் தெருப்பக்கம் ஒரு சரிவுமேடை. அது கழிவுநீர்க் காலையும் நடைவழியையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. முதியவர் நடுச்சாலையில் இறங்கி நடக்கிறார். பழைய தளத்தைச் சுரண்டிய பின்னரே புதிது இடவேண்டுமென்று 2021இல் தமிழ்நாட்டரசின் தலைமைச் செயலாளர் ஆணையிட்டார். அவ்வாணையும் அகவை முதிர்ந்தது போலும். எங்கள் தெருவுக்கு இன்னும் நடந்து வந்து சேரவில்லை!

புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடிய புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைத்திலது. தாம் ஊன்றிய கோலைப் பாடிய சொல்லாலேயே அவர் தொடித்தலை விழுத்தண்டினார் ஆயினார். தண்டு ஊன்ற அவர்க்கு நிலம் இருந்தது. இன்று தண்டை எங்கே ஊன்றுவது? குழியிலா, வழவழப்புக் கல்லிலா?

பேருந்தும் அப்படித்தான். பழைய அமைப்புப் பேருந்தின் உள்தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 90 செ.மீ. உயரம், தாழ்தளப் பேருந்தில் 40 செ.மீ. சென்னையில் 2024இல் இத்தகைய புதுப்பேருந்துகள் ஓடத் தொடங்கின. சிற்றூர்த் தாய்மாருக்கு மட்டும் முழங்கால் வலி இல்லையா? ஏறி இறங்கிய பின்னும் கழிப்பிடம் இல்லை. அதற்கஞ்சியே நம் மூதாட்டியர் வெளியே செல்லும் நாளில் தண்ணீர் அருந்துவதில்லை. இதை அவர்கள் யாரிடமும் சொல்வதுமில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்பது நேர்மையன்று. 1962இலேயே இந்நாட்டில் முதியோர் உதவித்தொகை தொடங்கிற்று. 2023இல் அது திங்களுக்கு 1,200 உருபா ஆயிற்று. முன்பு அஞ்சற்காரர் பணவிடையைக் கொணர்ந்து, "நலமா ஆத்தா?" என்று கேட்டுக் கொடுப்பார். பின்னர் விரற்பதிவுப் பொறி வந்தது. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலை அப்பொறி பலமுறை அறிவதில்லை. முதியோர்க்குப் பங்கீட்டுப் பண்டங்களை வீட்டுக்கே கொணரும் தாயுமானவர் திட்டம் 2025இல் தொடங்கிற்று. படுத்த படுக்கையாய் இருப்பார்க்கு அது பேருதவி. ஆயின் நடக்க வல்லாரும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்று அதைச் சாக்காக்கிவிடக் கூடாது. வரிசையில் நின்றபோதுதான் மூதாட்டி தன் தோழியைக் கண்டாள். கடைமுன் நிழலும் ஒரு விசிப்பலகையும் வேண்டுமென்பதே என் கோரிக்கை.

இன்னொன்று, மொழியாசிரியனாகிய யான் சொல்லாமல் விடக் கூடாதது. மாத்திரை உறையில் ஆங்கிலம். கைப்பேசிக்கு வைப்பகம் அனுப்பும் செய்தியில் பெரும்பாலும் ஆங்கிலம். அறுபதாண்டு தமிழ் படித்த கண் தன் மருந்தைத் தானே படிக்க இயலாமல் அயல்வீட்டுச் சிறுவனை எதிர்நோக்குகிறது. இரவு மாத்திரையைக் காலையில் விழுங்கினால் வருவது மொழிச்சிக்கல் அன்று, உயிர்ச்சிக்கல். பத்தாம் வகுப்பு மாணாக்கர் சிலரைத் தெருத்தெருவாய் அனுப்பினேன். மருத்துவர் சீட்டைப் பார்த்து, மருந்தாளுநரிடம் ஒப்புநோக்கி, உறைதோறும் "காலை, உணவுக்குப் பின்" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினர். செலவு ஒரு பசைக்குப்பி.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கீழைத்தெருவிலிருந்து பங்கீட்டுக்கடை வரை நடந்து, படியுயரமும் குழியும் அமர இடமும் அளந்தெழுதி ஊராட்சி மன்றத்திடம் தரவுள்ளோம். முதியோர் இருவர் முன்னே நடப்பர். அவர்கள் நிற்குமிடத்தில் நாமும் நிற்போம். அளவு நாடாவை யான் கொண்டு வருகிறேன். எழுதுவதற்கு இளைஞர் நால்வர் வேண்டும். பெயரை இப்போதே கொடுங்கள்.