மருத்துவமனையிற் கணினித் தொழில்



கணினி பயின்ற நம் இளைஞர் மென்பொருள் நிறுவனங்களின் வாயிலிலேயே காத்துக் கிடக்கின்றனர். மருத்துவமனையின் வாயிலும் அவர்க்குத் திறந்துள்ளது என்பதனையே இன்று கூற விழைகின்றோம்.

2021 செப்டம்பரில் இந்திய அரசு ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்னும் திட்டத்தை நாடெங்கும் விரித்தது. விரும்புவோர்க்கு 14 இலக்க எண் ஒன்று அளிக்கப்பெறும். ஓரிடத்து எழுதிய நோய்க்குறிப்பை, நோயாளியின் இசைவோடு, வேறிடத்து மருத்துவரும் காணலாம். இதற்கு மருத்துவமனைதோறும் பதிவுச் செயலி அமைப்போரும், ஆய்வுக்கூடக் கருவிகளை அதனோடு இணைப்போரும் வேண்டும். ஸ்கேன் படங்களுக்கு 'டைகாம்', குறிப்புப் பரிமாற்றத்திற்கு 'ஃபயர்' எனத் தனி முறைகள் உள. வெறுங் கணினிப் பட்டத்தோடு நில்லாது இவற்றையும் கற்றவர்க்கே இங்கு மதிப்பு.

நோயாளியின் மறைச்செய்தி காத்தலும் ஒரு தொழிலே. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலால் முடங்க, பன்னாள் கையாலேயே பதிவு நடந்தது. ஒருவர் நோய் ஊரறியப் பரவுமேல் மணப்பேச்சும் முறியும் என்பதை இவ்வவையினர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை!

உயிரியலோ செவிலியமோ கற்று வீட்டிலிருக்கும் பெண்மக்களை மறவாதீர். நோய்ப் பெயர்களைக் குறியீடாக மாற்றும் மெடிக்கல் கோடிங் தொழில் சென்னையிற் பெருக நடைபெறுகின்றது. இரண்டாம் வகை நீரிழிவுக்கு 'ஈ11' என்பது குறியீடு. இதற்கு வேண்டுவது உடற்கூற்றறிவேயன்றிப் பொறியியற் பட்டமன்று. பணங்கேட்டு வேலை வாக்களிக்கும் தரகரை மட்டும் அண்டவிடாதீர்.

கணினி மாணவரோ, விடுமுறையில் அருகிலுள்ள மருத்துவமனையில் இசைவு பெற்று, சீட்டுப் பதியுமிடந் தொடங்கி மருந்து வாங்குமிடம் வரை ஒரு நோயாளியின் குறிப்பு எவ்வாறு செல்கின்றதெனச் சில நாள் உடனிருந்து காண்பாராக.