இலைக்குள் ஒரு பிடி அரிசி



முன்னேஸ்வரத்தில் ஆவணித் திருவிழா தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டு அடுப்பில் மச்சம் ஏறாது. அப்படியொரு மாலையில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு பீங்கானைத் துணியால் மூடிக் கொண்டுவந்தார். விரல் மொத்தத்தில், கரும்பச்சை நிறத்தில், ஏதோ வரிசையாக அடுக்கியிருந்தது. “என்னக்கா, யாழ்ப்பாணத்துச் சுருட்டா?” என்று கேட்டுவிட்டேன்.

“சாப்பாடு டீச்சர். மச்சமில்ல. வாயில போட்டுப் பாருங்க.”

இலையைப் பிரிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். எங்கள் இலைகள் அப்படித்தானே! அலப்பையைக் கெந்த இலையில் பொதிந்து அவிக்கிறோம், சோற்றை வாழையிலையில் கட்டுகிறோம். உண்ணும்போது இலையை எறிந்துவிடுகிறோம். இதில் இலைதான் கறி. தேசிக்காய்ப் புளிப்பு, புதினா வாசம், குழைந்த சம்பா அரிசி. எல்லாவற்றுக்கும் மேலே திராட்சை இலையின் மெல்லிய துவர்ப்பு.

அரபு மொழியில் இதற்கு ‘வரக் இனப்’, அதாவது திராட்சை இலை என்றே பெயர். துருக்கியரிடம் இரண்டு சொற்கள் உண்டு. நிரப்புவதிலிருந்து வந்தது ‘டொல்மா’. சுற்றுவதிலிருந்து வந்தது ‘சர்மா’. இறைச்சி போடாததை அவர்கள் ‘யலஞ்சி’, பொய்யன் என்கிறார்கள். திருவிழாக் காலத்து முன்னேஸ்வரத்தில் அந்தப் பொய்யனே உத்தமன்! அசர்பைஜானில் டொல்மா செய்து பகிரும் வழக்கத்தை 2017இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் இடம்பெறாத ஒரு கைதான் எங்கள் ஒழுங்கையில் இருந்தது.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல் அமைக்கப்பட்டது. அதற்கு முன்பே எங்கள் கரையிலிருந்து பெண்கள் மத்திய கிழக்குக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். அக்கா போனது பெய்ரூத்துக்கு, ஒன்பது வருடம். திரும்பிவந்து பதினொரு வருடமாக இந்தப் பண்டத்தை அவர் செய்ததேயில்லை.

“இலை கிடைக்கவில்லையா?” என்றேன்.

“மனசு வரல்ல” என்றார்.

அடுத்த முறை செய்தபோது போய்ப் பக்கத்தில் குந்தினேன். யாழ்ப்பாணத்தில் வளவுப் பந்தலில் முந்திரிகை வைத்திருக்கும் உறவினர் ஒருவர், கொடி வெட்டிவிட்டபின் வந்த தளிர்களைக் கிள்ளி அனுப்பியிருந்தார். தோட்டத்துக் கொடிகளுக்குப் பூஞ்சண மருந்து அடிப்பார்கள், அந்த இலை ஆகாது என்பதில் அக்கா கண்டிப்பு. கொதிக்கும் உப்புநீரில் இலையை இரண்டு நிமிடம் போட்டு எடுத்தார். காம்பைக் கிள்ளி, மினுங்கும் பக்கம் கீழேயும் நரம்புப் பக்கம் மேலேயுமாக விரித்தார். ஊறிய அரிசி, வெங்காயம், தக்காளி, புதினாக் கலவையில் சுண்டுவிரலளவு வைத்து, அடியை மடித்து, இரண்டு பக்கத்தையும் உள்ளே தள்ளி, நுனிவரை உருட்டினார். இறுக்கவில்லை. அரிசி வேகும்போது பருக்க வேண்டுமல்லவா? கிழிந்த இலைகளைப் பானை அடியில் பரப்பி, உருட்டியவற்றை மடிப்பு கீழே இருக்க நெருக்கி அடுக்கி, மேலே ஒரு பீங்கானைக் கவிழ்த்துப் பாரம் வைத்தார். எண்ணெயும் தேசிக்காய்ப் புளியும் தண்ணீரும் விட்டு, மெல்லிய நெருப்பில் ஒரு மணித்தியாலம்.

இங்கேதான் மெஷின் வந்தது. கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய சின்னப் பிளாஸ்டிக் பெட்டி. இலையை வைத்து, கலவையைப் போட்டு, பிடியை இழுத்தால் உருண்டு விழுகிறது. சிகரெட் சுற்றும் கருவியின் தம்பி என்று சொல்லலாம். மகளுக்கு அதன்மேல் ஆசை. நகரத்துக் கடைகளுக்கு ஓடர் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். தாய் உருட்டி வளர்த்தது வேறொரு வீட்டுப் பிள்ளைகளை. இவளுக்குக் கையால் உருட்டத் தெரியாது. அதை அவள் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன்.

இருபது மெஷினில், இருபது கையில் என்று செய்தார்கள். மெஷினில் சுற்றியவை அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவு. ஆனால் பானைக்குள் ஐந்து வெடித்துவிட்டன. பெட்டிக்கு எல்லா இலையும் ஒன்று. சின்ன இலையையும் அதே இறுக்கத்தில்தான் இழுக்கும். மகளின் முகம் சுருங்கிவிட்டது. நானோ, உள்ளதைச் சொன்னால், கை வென்றதென்று மகிழ்ந்தேன். வாத்தியார்மாருக்கு இந்தப் புத்தி உண்டு.

அக்காவுக்கு அந்த மகிழ்ச்சி இல்லை. அவருடைய வலது பெருவிரல் மூட்டு வீங்கியிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். “அங்க ஒரு விருந்துக்கு இருநூறு உருட்டுவன். எல்லாரும் சாப்பிட்டு எழும்பின பிறகு மிஞ்சினால்தான் எனக்கு. இந்த மெஷின் அப்ப இருந்திருந்தா விரல் மிஞ்சியிருக்கும்” என்றார். பிறகு மீதி இலைகளை இரண்டாகப் பிரித்தார். பெரியவற்றைப் பெட்டிப் பக்கம் தள்ளினார். சின்னவற்றைத் தன் முன்னால் வைத்து, “வா, இதுக்கு உன்ர விரல் வேணும்” என்று மகளைப் பக்கத்தில் இருத்தினார். மகள் உருட்டிய முதல் மூன்றும் பிரிந்துபோயின. நாலாவது நின்றது.

இரண்டாவது பானை இறங்கியபோது இருட்டிவிட்டது. கோயில் மணி கேட்டது. நான் பீங்கான்களை எடுத்து வைத்தேன். அக்கா காத்திருக்கவில்லை. ஆறவும் விடாமல் மேலே இருந்த ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

“உப்புக் காணாது” என்றார்.