மூன்று உறை, ஒரே விலை



தை பிறந்தால் ஒரத்தநாட்டுப் பக்கம் அறுவடை மெஷினுக்கு அலைவோம். ஒருத்தர் ஒரு வாடகை சொல்வார், அடுத்தவரும் அதையே சொல்வார், மூன்றாமவரும் அதேதான். "எல்லாம் பேசி வெச்சுட்டாங்கய்யா" என்று முணுமுணுத்துவிட்டு வயலுக்குப் போய்விடுவோம்.

அந்தப் 'பேசி வைப்பதை'த்தான் 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், 3-ஆவது பிரிவில் தடுக்கிறது. போட்டியாளர்கள் கூடி விலை பேசக் கூடாது, டெண்டரில் கைகோக்கக் கூடாது. எழுத்தில் இருக்க வேண்டியதில்லை, வாய்ப்பேச்சே போதும். ஆனால் விலை ஒன்றாக இருப்பது மட்டுமே தப்பாகிவிடாது. பக்கத்துக் கடையைப் பார்த்து டீ விலை வைப்பவரை யார் குற்றம் சொல்வது?

அப்படியானால் பேசியதை எப்படிக் கண்டுபிடிப்பது? நம் நெல் போய்ச் சேரும் குடோனிலேயே கதை இருக்கிறது. வண்டு விழாமலிருக்க மூட்டை அடுக்கை மூடி, உள்ளே அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பார்கள். காற்றின் ஈரம் பட்டதும் விஷவாயு கிளம்பும். இந்த மாத்திரைக்கு இந்திய உணவுக் கழகம் 2009 மே மாதம் டெண்டர் விட்டது. எக்செல் கிராப் கேர், யுனைடெட் பாஸ்பரஸ், சந்தியா ஆர்கானிக் கெமிக்கல்ஸ் மூன்றும் எழுதிய விலை கிலோ 388 ரூபாய். பத்து காசு வித்தியாசமில்லை. 2011-இல் கழகம் இந்தியப் போட்டி ஆணையத்துக்கு எழுதியது. விசாரித்தவர்கள் கழக அலுவலகத்தின் பார்வையாளர் பதிவேட்டைப் புரட்டினார்கள். மூன்று கம்பெனிக்கும் ஒரே ஆள் பதிவு போட்டிருந்தார்!

2012-இல் ஆணையம் யுனைடெட் பாஸ்பரசுக்கு மட்டும் 252 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. மேல்முறையீட்டில் அது 7 கோடிக்குள் சுருங்கியது. அந்த மாத்திரை விற்ற பணத்தை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். 2017-இல் உச்ச நீதிமன்றமும், கூட்டு சேர்ந்தது உண்மை, கணக்கும் இதுவே சரி என்றது. பெரிய கம்பெனிக்கு இது கொசுக்கடி என்பேன். 2023-இல் சட்டத்தைத் திருத்தி, உலகெங்கும் நடக்கும் மொத்த வியாபாரத்தை வைத்தே அபராதம் போடலாம் என்று ஆக்கினார்கள்.

கூட்டிலிருந்து முதலில் வந்து உண்மையைச் சொல்பவருக்கு அபராதம் முழுக்கவே தள்ளுபடியாகலாம். காட்டிக்கொடுத்தவனுக்குச் சலுகையா என்பீர்கள். அறைக்குள் பேசியதை அறைக்குள் இருந்தவன்தானே சொல்ல முடியும்?

அடுத்த தடவை "பேசி வெச்சுட்டாங்க" என்று தோன்றினால், யார், எந்தத் தேதியில், என்ன விலை சொன்னார்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஆணையத்தின் தென்மண்டல அலுவலகம் 2021 முதல் சென்னையிலேயே இருக்கிறது.