சின்ன பாக்கெட், பெரிய வியாபாரம்

பூதலூரில் சிறு மளிகைக் கடை வைத்திருப்பவருக்குத் தையில் சம்பா அறுவடை முடிந்தால் கல்லா நிறையும். மற்ற மாதங்களில்? வாங்க வருபவர் கையில் அன்றைய கூலிதான் இருக்கும்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து, கூலித் தொழிலாளியும் வாங்கும்படி செய்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலோடு தனியே தொழில் தொடங்கினார். சிக் ஷாம்பூ பிறந்தது. காலி ஷாம்பூ பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார். முதலில் எந்தக் கம்பெனி பாக்கெட்டும் செல்லும். பிறகு சிக் பாக்கெட் மட்டுமே என்று மாற்றினார். முதல் சலுகை புதியவரை அழைத்தது. அடுத்தது வந்தவரை நிலைக்க வைத்தது.

நம் கடைக்கும் இது பொருந்தும். நூறு கிராம் பருப்பையும் முகம் சுளிக்காமல் பொட்டலம் கட்டிக் கொடுங்கள். "இல்லை" என்று சொல்லி அனுப்பிய பொருளையெல்லாம் நோட்டில் குறித்துவையுங்கள். அடுத்த முறை தஞ்சாவூரில் கொள்முதல் செய்ய அதுவே பட்டியல். கடன் கணக்கை அன்றன்றே எழுதுங்கள். மாதம் தவறாமல் வாங்குபவருக்குச் சிறு சலுகை கொடுங்கள். இதற்கெல்லாம் பெரிய முதல் தேவையில்லை, இன்றைக்கே தொடங்கலாம்.