பகுதியை இழந்து முழுமையைக் காப்போம்

(விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



2025 பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்து மின்மாற்றியில் ஒரு குரங்கு பட்டது. இலங்கைத் தீவு முழுவதும் மின்சாரம் நின்றது. குரங்கை நினைத்து நகைத்துவிட்டு நாம் இதனை மறந்துவிடலாகாது. ஒரு குரங்கினால் ஒரு நாடே நின்றுபோகுமாயின், குறை குரங்கிடத்தில் இல்லை.

வன்னி விவசாயிகளுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. மேற்குளம் உடைத்தால் அவ்வெள்ளம் கீழ்க்குளத்தின் கட்டையும் உடைக்கும். மின்சாரமும் அவ்வாறே. ஒரு கம்பி விலகினால் அதன் சுமை அயற்கம்பிகளின்மேல் ஏறும். மின்பிறப்பாக்கம் குறைந்தால் விநாடிக்கு 50 ஆக நிற்கவேண்டிய அதிர்வெண் இறங்கும்; எஞ்சிய பொறிகளும் தம்மைக் காத்துக்கொள்ள விலகிவிடும். பாரமான சுழலிகள் பல ஓடினால் இவ்வீழ்ச்சி சற்றுத் தாமதிக்கும். அன்றோ விடுமுறை நாள், தேவை குறைவு, சூரிய மின்சாரம் மிகுதி, ஓடிய சுழலிகள் சில. சூரிய மின்சாரம் வேண்டாமென்பது நமது கருத்தன்று. அதற்கேற்ற காப்பு வேண்டுமென்பதே நமது கருத்து.

செல்வ நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2003 ஓகஸ்ட் 14ஆம் நாள், அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் தாழ்ந்து தொங்கிய உயரழுத்தக் கம்பிகள் வெட்டப்படாத மரங்களில் தட்டின. கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கைக் கணினி பழுதாகியிருந்தமையால், அங்கிருந்தோர் ஆபத்தை உணரவில்லை. மாலைக்குள் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரமின்றி நின்றனர். இழந்த சுமை 61,800 மெகாவாற்று. பின்னர் இரு நாட்டு விசாரணைக் குழுவினர் நிகழ்ந்தவற்றைக் கணினியில் மீள அமைத்து ஆராய்ந்தனர். கிளீவ்லாந்துப் பகுதியில் உரிய வேளையில் சுமார் 1,500 மெகாவாற்றைத் துண்டித்திருந்தால் அப்பேரிருளைத் தவிர்த்திருக்கலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு.

எனவே, எது விழுந்தால் எது தொடர்ந்து விழும், எத்தனை விநாடிக்குள் எவ்வளவு சுமையைத் துண்டித்தல் வேண்டும் என்பனவற்றை முன்கூட்டியே கணித்துவைத்தல் இன்றியமையாதது. வெள்ளம் வந்தபின் வான் வெட்டுவார் உண்டோ?

ஆயின், துண்டிக்கப்படுவது யாருடைய மின்சாரம்? அதிர்வெண் இறங்கும்போது தானியங்கிக் கருவி முன்னரே குறிக்கப்பட்ட வழிகளை ஒவ்வொன்றாகத் துண்டிக்கும். கருவிக்கு ஊர் தெரியாது. ஊரைக் குறித்துக் கொடுப்பவர் மனிதரே. சத்திரசிகிச்சைக் கூடம் ஒரு கணமும் பொறாது. வெங்காயத் தோட்டத்து நீரிறைப்பு சில மணிநேரம் பொறுக்கும். நாட்டைக் காக்க நமது விவசாயிகளும் பொறுப்பர். ஆனால் எக்காலமும் அவர்களே பொறுக்கவேண்டும் என்பது நீதியன்று.

ஆகவே நாம் கேட்பன இரண்டு. நெருக்கடிக்கான கணிப்பு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படல் வேண்டும். துண்டிக்கும் வரிசை மக்கள்முன் வைக்கப்பட்டு, பாரம் முறைவைத்துப் பகிரப்படல் வேண்டும். இருளையும் நீதியாகப் பங்கிடுவதே நல்லாட்சி.