மனை அளக்கும் முன் அளக்க வேண்டியவை

பெரம்பலூர், அரியலூர் சீமையில் நகரத் திட்டம் தொடங்க வேண்டிய இடம் பச்சைமலைச் சரிவு. அங்கே பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி, ஏரிகளை நிரப்பி, ஒன்றின் கலிங்கு வழிந்து அடுத்ததற்கு வரத்தாகி, மருதையாற்றில் திரண்டு கொள்ளிடம் சேர்கிறது. அந்த நீர்வழியைக் குறித்த பிறகே தெருவுக்குக் கோடு போட வேண்டும்.

இந்த மண்ணுக்கு இது புதிய பாடமல்ல. 11ஆம் நூற்றாண்டில் ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கியபோது, கோயிலோடும் அரண்மனையோடும் சோழகங்கம் என்னும் பேரேரியையும் வெட்டினான். திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீராலான வெற்றித்தூண் என்று போற்றுகிறது. இன்று பொன்னேரி எனப்படும் அதன் கரை, வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. ஏரியையும் சேர்த்தே தலைநகர் என்று எண்ணிய காலம் அது.

நீரின் வேகம் என்ன செய்யும் என்பதையும் இதே சீமை கண்டிருக்கிறது. 1956 நவம்பர் 23 விடியலுக்கு முன், மருதையாற்று வெள்ளம் அரியலூர் அருகே ரயில் பாலத்தைச் சிதைத்தது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். ஆண்டில் பல மாதம் மணலாகக் கிடக்கும் ஆறுதான் அது. வறண்ட ஓடை என்று எண்ணி அதன் வழியில் மனை போடுவோர் மறக்கக் கூடாத இரவு.

அடுத்தது மண். பெரம்பலூர்க் கரிசல் கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும்; ஐப்பசி மழையில் உப்பும். கடைக்கால் ஆழம் போதாவிட்டால் ஜன்னல் மூலையிலிருந்து சுவர் சாய்வாகக் கீறும். இந்தச் சீமையில் வீடு கட்டியவர்கள் அதை அறிவார்கள். ஆனால் நெடுஞ்சாலை ஓரம் நடப்பது என்ன? சோளமும் பருத்தியும் விளைந்த புஞ்சையில் செம்மண் கொட்டி நிரவி, மூலைக்கல் நட்டு, கொடி கட்டினால் மனைப்பிரிவு தயார். அடியில் புதைந்த வாய்க்காலை யாரும் கேட்பதில்லை. மழை வந்ததும் ஏரி காலியாகக் கிடக்கும், தெரு நிறைந்து நிற்கும்.

சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. பெரிய மனைப்பிரிவுகள் சாலை போக 10 விழுக்காட்டு நிலத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்கின்றன தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள். அந்த நிலம் பெரும்பாலும் எதற்கும் உதவாத மூலையில் ஒதுக்கப்படுகிறது. அதை ஓடைக்கரையோரமே வாங்கினால், மனைக்கு மனை தொடர்ந்து ஊர் நெடுக ஒரு பசுங்கரை உருவாகும். செலவில்லாத திருத்தம் இது. 1915-இல் சென்னை மாகாண நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதிய பேட்ரிக் கெடிஸும், இருப்பதை இடிக்காமல் சீராக்கும் திட்டத்தையே வற்புறுத்தினார்.

இந்தச் சீமைக்கு இன்னொரு பொறுப்பு உண்டு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்தான் சிமெண்ட் ஆலைகளின் மூலதனம். காரையில் அம்மோனைட் புதைபடிவங்களும், சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரமும் அந்தக் காலத்தின் சாட்சிகள். கல் எடுத்து முடிந்த குழிகளை வேலியிட்டு, கரையில் மரம் நட்டு, மழைநீர் தேக்கும் இடமாக்குவது நகரத் திட்டத்துக்குள் வர வேண்டும். புதைபடிவத் திட்டுகளை மனைக்கோ சுரங்கத்துக்கோ விடாமல் காக்க வேண்டும்.

இதே சீமையின் பறவைச் சரணாலயமான கரைவெட்டி ஏரி, 2024-இல் உலக முக்கியத்துவம் கொண்ட ராம்சார் ஈரநிலமானது. வரித்தலை வாத்துகள் இமயம் கடந்து வந்து இறங்கும் ஏரி அது. காப்பு, சரணாலய எல்லையோடு நின்றால் போதாது. புள்ளம்பாடி வாய்க்கால் உட்பட அதற்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்களின் இரு கரையும், கட்டடம் எழும்பக் கூடாத நிலமாகத் திட்ட வரைபடத்தில் ஏறியாக வேண்டும்.