பழைய சாயமும் நம் பிள்ளைகளின் மூச்சும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சங்க மேடையில் கார் பட்டறைப் பேச்சா என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கின்றது. நம் பிள்ளைகளில் பலர் இன்று உளியைப் பிடிக்கவில்லை. பட்டறையில் ஸ்பேனரைப் பிடித்திருக்கின்றார்கள். வேலை மாறிவிட்டது. கையும் மூச்சும் மட்டும் அதே உழைப்பாளியினுடையவை. ஆகையால் இது நம் விஷயமே.

1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் புரோட்டோன் சாகா வெளிவந்தது. அந்தப் பழைய சாகாவைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கும் ஆசை இப்போது பலருக்கு உண்டு. இரும்புத் தகட்டிலுள்ள பழைய சாயத்தை மருந்து தடவியும் உரிக்கலாம், சூடு காட்டியும் உரிக்கலாம். ஆனால் முன்புறத்துச் சல்லடை, பக்கக் கண்ணாடியின் கூடு, பம்பர் ஆகியவை பிளாஸ்டிக். இரும்புக்கு ஆகும் வைத்தியம் இவற்றுக்கு ஆகாது.

இதை நாங்கள் நட்டப்பட்டுத்தான் கற்றோம். ஓய்வுபெற்ற கிராணி ஒருவர் தம் காரை எங்கள் இளைஞர்களிடம் ஒப்படைத்தார். சாயம் சீக்கிரம் போகட்டும் என்று சல்லடையைத் தின்னரில் ஊறப் போட்டோம். காலையில் பார்த்தால் சாயமும் போயிற்று, சல்லடையும் குழைந்து போயிற்று. அந்தத் தட்டின் மேல் குனிந்து நின்ற பையனுக்குத் தலை சுற்றி வாந்தி வந்துவிட்டது. நாங்களோ முதலில் சல்லடையைப் பார்த்தோம். பிறகுதான் பையனைப் பார்த்தோம். அந்த வெட்கமே இன்று எங்களைப் பேச வைக்கின்றது.

தோழர்களே, முதல் வேலை யாதெனில், சாமானைத் திருப்பி அதன் முதுகைப் பார்ப்பது. பல சாமான்களில் இன்ன பிளாஸ்டிக் என்று ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். ஏ, பி, எஸ் என்றிருந்தால் தின்னரும் அசிட்டோனும் அதற்கு எமன், கரைத்துவிடும். பி, பி என்றிருந்தால் பாலிபுரோப்பிலீன். இது சாதாரண வெப்பத்தில் அசிட்டோனுக்கு அசையாது. பி, சி என்றிருந்தால் பாலிகார்பனேட். விளக்கின் முன்மூடி பெரும்பாலும் இதுவே. அசிட்டோன் இதை வெளிறச் செய்யும். காரமான அடுப்புத் துப்புரவு மருந்தும் கெடுக்கும். நம் பாலில் கெடாமலிருக்கக் கலக்கின்றோமே அம்மோனியா, அதுகூட இதற்கு ஆகாது.

எழுத்து இல்லாவிட்டால்? பின்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத மூலையில் மருந்தை ஒரு சொட்டு வைத்துக் காத்திருங்கள். பிளாஸ்டிக் பிசுபிசுத்தாலும், வெளிறினாலும், வெடிப்புக் கண்டாலும் அந்த மருந்தை மூடி வையுங்கள்.

இரண்டாவது, உரிக்கத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். பழைய சாயம் உறுதியாகப் பிடித்திருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, 400, 600 எண் உப்புத்தாளால் ஈரத்தோடு தேய்த்து, அதன்மேலேயே புதுச் சாயம் பூசலாம். பாலிபுரோப்பிலீனில் சாயம் இலகுவில் ஒட்டாது. அதற்கென்று தனி அடிப்பூச்சு தேவை. முன்பு பூசிய அடிப்பூச்சு நன்றாக இருந்தால் அதைச் சுரண்டி எறிவது கைக்கு வந்ததைக் காலால் தள்ளுவதாகும்.

பொருக்கு விட்ட சாயமானால் பிளாஸ்டிக் தகட்டை நுழைத்து மெல்ல நெம்புங்கள். மரத்தில் கோட்டுப்பால் உரிப்பது போலச் சில இடங்களில் நீளமாகவே வந்துவிடும். வராத இடத்தில் ஐசோபுரோப்பில் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துப் போர்த்தி, இளகியதும் மெல்லிய பிரஷால் தேய்க்கலாம். பல சாயங்கள் இதற்கு இளகும். எல்லாமும் இளகுமென்று சொல்ல மாட்டோம். இளகாததற்கு ஈர உப்புத்தாளே வழி. சூட்டுக்காற்றுத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம்; ஏபிஎஸ் ஏறக்குறைய 100 பாகை செல்சியஸிலேயே தளர்ந்து நெளியும்.

இதற்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்மரத்திற்குக் காயம் படாமல், ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்துச் சீவிய கைகள் நம்முடையவை. சாயத்தை எடு, பிளாஸ்டிக்கைத் தொடாதே: அதே பாடம்தான்.

இனி, உடம்பைப் பற்றி. சாயம் உரிக்கும் மருந்துகள் சிலவற்றில் டைகுளோரோமீத்தேன் உண்டு. ஏபிஎஸ்ஸையும் பாலிகார்பனேட்டையும் அது கரைக்கும். மனிதனையும் விடாது. மூச்சோடு உள்ளே சென்றால் உடம்பில் கார்பன் மோனாக்சைடாக மாறுகின்றது. அடைத்த அறையில் அதனோடு வேலை செய்து இறந்தவர்கள் உண்டு. சாயம் உரிப்பதற்காகப் பொதுமக்களுக்கு அதை விற்பதை அமெரிக்கா 2019இல் தடை செய்தது.

துணி முகமூடி தூசைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும், காற்றோட்டமான இடமும் வேண்டும். இன்னொன்று: நம் பாலில் செய்த ரப்பர் கையுறை தின்னரில் உப்பிப் போகும். நம் பால்தானே என்ற பாசத்தில் அதை நம்பிவிடாதீர்கள். அந்தந்த மருந்துக்கு உரிய கையுறையைக் கேளுங்கள். மிச்சத்தைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். நெருப்பையும் சிகரெட்டையும் அருகில் விடாதீர்கள்.

முகமூடிக்கு யார் காசு கொடுப்பது என்று பிள்ளைகள் கேட்கின்றார்கள். 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி முதலாளி பாதுகாப்புக்காகச் செய்ய வேண்டியதற்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. அதன் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி அபாயம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையையும் அது தந்திருக்கின்றது.

அந்தக் கிராணி ஐயாவுக்கு வேறொரு பழைய சல்லடையைத் தேடிக் கொடுத்தோம். இந்த முறை நான்கு நாட்கள் ஆயின. அதே பையன்தான் சாயம் உரித்தான். முகமூடி போட்டு, மரத்தடியில் உட்கார்ந்து. சல்லடை கெட்டால் இன்னொன்று தேடலாம். பையனுக்கு ஒன்றென்றால் எங்கே போய்த் தேடுவோம்?